தாயின் அலுப்புக்கும் ஒரு மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சைக்கிள் திருட்டில் சிக்கிய தம் 15 வயது மகனுக்காக எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஒரு தாய், அவன் மீண்டும் தவறு செய்யக்கூடுமா என்று மதிப்பிடும் அதிகாரியைப் பார்க்கப் போனபோது, மொழிக்குத் துணையாக நானும் போனேன். பையன் வீட்டில் சொன்ன பேச்சைக் கேட்கிறானா என்று அதிகாரி விசாரித்தார். “இவன் என்றைக்கு என் பேச்சைக் கேட்டான்!” என்றார் தாய். நானும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தேன். தாளில் ஒரு குறி விழுந்தது.

திரும்பி வரும்போது லிஃப்டில் அவர் சொன்னார்: “பிள்ளை தங்கம் என்று நானே சொன்னால் கண் பட்டுவிடாதா சார்? நான் இரவு வேலைக்குப் போனால் பாட்டிக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பவன் அவன்தான்.”

இளையர் மீண்டும் தவறு செய்யக்கூடுமா என்று கணிக்கும் கருவிகளில், அதாவது மதிப்பீட்டுப் படிவங்களில், பலருக்கும் தெரிந்தது, கனடாவில் ஹோஜ், ஆண்ட்ரூஸ் என்பவர்கள் உருவாக்கியது. குடும்பம், படிப்பு, நண்பர்கள், ஓய்வு நேரம் என 8 பிரிவுகளில் சிக்கலைக் காட்டும் 42 கூறுகள். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம். கூட்டிப் பார்த்து இடரின் அளவைச் சொல்கிறார்கள். சிங்கப்பூர் இளையரிடமும் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஓரளவு சரியாகவே கணிக்கிறது. அதற்கு மேல் யாரும் அடித்துச் சொல்வதில்லை.

கருவியே வேண்டாம் என்பது என் கட்சி அன்று. கட்டொழுங்கு ஆசிரியராக இருந்த காலத்தில் காதுக் கடுக்கனைப் பார்த்தே எத்தனை பையன்களைத் தேறமாட்டார்கள் என்று ஒதுக்கினேன்! அவர்களில் ஒருவர்தான் இன்று என் பேரனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார். என் கண்ணைவிடக் கருவி மேல். ஆனால், ஒரே பையனை இரண்டு அதிகாரிகள் மதிப்பிட்டால் ஏறத்தாழ ஒரே எண் வரவேண்டும். தாயின் அலுப்பை ஒருவர் வாக்குமூலமாகவும் மற்றவர் வழக்கமான புலம்பலாகவும் எடுத்துக்கொண்டால் எப்படி வரும்?

ஓய்வு நேரத்தில் ஏதாவது குழுவில் இருக்கிறாயா என்று பையனிடமும் கேட்டார்கள். இல்லை என்றான். மாலையானால் கீழ்த்தளத்தில் பொடியன்களைத் திரட்டி, இரண்டு அணியாகப் பிரித்து, சண்டையையும் தீர்த்துவைத்துப் பந்தாட்டம் நடத்துபவன் அவன். அதுவும் ‘பந்து விளையாடக் கூடாது’ என்ற பலகைக்கு நேர் கீழே! அதை அதிகாரியிடம் சொல்வானா?

பதிலைச் சொன்னவர் யார், எந்த மொழியில் சொன்னார் என்பதை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கலாம். கூட்டிய எண் ஓர் அளவைச் சொன்னாலும், காரணம் எழுதி இடரின் அளவை மாற்ற அந்தக் கருவியிலேயே இடம் இருக்கிறது. அதற்கு அதிகாரி ஒரு முறையாவது வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டாமா?

அடுத்த சந்திப்பு ஆகஸ்டில். பாட்டியையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
உட்லண்ட்ஸ்