அதிபர்களுக்கு மார்க் போடும் வரலாற்றாசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

சில வருஷங்களுக்கு ஒருமுறை அமெரிக்க அதிபர்களை வரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிடுகிறீர்கள். அதில் நான் முதலில் தேடுவது ஜான் குவின்சி ஆடம்ஸைத்தான். ஆறாவது அதிபர், இரண்டாவது அதிபரின் மகன். எப்போது பார்த்தாலும் நடுவில் எங்காவது கிடப்பார்.

பதவியிலிருந்த நான்கு வருஷத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் போட்ட மார்க் சரிதான். 1824 தேர்தலில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99 தேர்வாளர் வாக்கு (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் நியமிப்பவர்கள் போடுவது), இவருக்கு 84. யாருக்கும் பெரும்பான்மை இல்லாததால் பிரதிநிதிகள் சபை இவரைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு ஆதரவு தந்த ஹென்றி கிளேயை வெளியுறவு அமைச்சராக்கினார். 'பேரம்' என்ற பேச்சு பதவி முடியும்வரை ஓயவில்லை. அரசு செலவில் வானாய்வுக்கூடம் வேண்டும் என்றார், கேலி செய்தார்கள். 1828இல் தோற்றார்.

உங்கள் பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. என் வழக்கு அதற்கப்புறம்தான்.

1831இல், 64 வயதில், வெறும் உறுப்பினராக அதே சபைக்குள் போய் உட்கார்ந்தார். அடிமைமுறைக்கு எதிரான மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவிட 1836இல் சபை விதி போட்டது. கிழவர் விடவில்லை. 1837 பிப்ரவரியில் ஒருநாள் எழுந்து, 'அடிமைகளிடமிருந்து வந்ததாகச் சொல்லும் மனு ஒன்று இருக்கிறது, இது அந்த விதிக்குள் வருமா?' என்று சபாநாயகரிடம் கேட்டார். தென்மாநில உறுப்பினர்கள் கொதித்தெழுந்து கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்கள் நன்றாகக் கத்தியபிறகு, அந்த மனு அடிமைமுறையை ஒழிக்கச் சொல்லவில்லை, அதற்கு நேர்மாறானது என்று போட்டு உடைத்தார். (முகத்தில் சிரிப்பே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.)

அந்த விதி ஒழிய 1844 டிசம்பர் ஆகிவிட்டது. நடுவில் 1841இல், 'அமிஸ்டாட்' கப்பலில் கலகம் செய்து பிடிபட்ட ஆப்பிரிக்கர்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் வாதாடினார். அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

1848 பிப்ரவரி 21. மெக்சிகோ போர் அதிகாரிகளைப் பாராட்டும் தீர்மானத்துக்கு 'கூடாது' என்று உரக்கச் சொன்னார். சற்று நேரத்தில் இருக்கையிலேயே சரிந்தார். சபாநாயகர் அறையில் கிடத்தினார்கள். 23ஆம் தேதி அங்கேயே உயிர் போனது.

அடுத்த பட்டியலில் 'பதவிக்குப் பிறகு' என்று ஒரு கட்டம் சேருங்கள். பதவிக்குப் பிறகு செய்த சேவையால் பேர் வாங்கிய அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலின் வாசகன்