டவரைத் திட்டும் முன் படத்தின் எடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்திரைத் திருவிழா வந்தால் மதுரையில் இந்தப் புலம்பலும் கூடவே வந்துவிடும்: லாட்ஜின் இணையதளம் திறக்கவில்லை, சுங்குடிக் கடையின் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் டவர் திணறுவது உண்மைதான். ஆனால் கூட்டமே இல்லாத ஆடி மாதத்திலும் அதே பக்கம் ஆமை வேகத்தில்தானே திறக்கிறது? கோளாறு பெரும்பாலும் பக்கத்தின் எடையில், அதாவது இறங்க வேண்டிய தகவலின் அளவில் இருக்கிறது.

செல்போனில் எடுத்த படம் 4000 பிக்சல் அகலம், சுமார் 4 எம்பி. அப்படியே ஏற்றி, முகப்பில் ஐந்து படங்களை ஓடவிட்டால் 20 எம்பி. நொடிக்கு 1.6 மெகாபிட் கிடைத்தால் (இணையப் பக்கங்களைச் சோதிக்கும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவி, மொபைல் சோதனைக்கு வைத்திருக்கும் வேகம் இதுதான்) எல்லாம் இறங்க 100 விநாடி ஆகும். செல்போன் திரைக்கு 1080 பிக்சல் அகலமே தாராளம். அந்த அளவுக்குக் குறைத்து, தரத்தை 100க்கு 75 வைத்து, வெப்பி (WebP) என்ற சிக்கனமான பட வடிவில் சேமித்தால் ஒரு படம் பெரும்பாலும் 150 கேபியை ஒட்டி வந்துவிடும். ஸ்கூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவியே போதும். சுங்குடியின் புள்ளிகளை நெருக்கத்தில் காட்ட வேண்டுமா? பெரிய படம் தொட்டால் மட்டும் திறக்கும்படி வையுங்கள். முகப்பில் ஓடும் படங்களையே எடுத்துவிடலாம் என்பேன். மூன்றாவது படம் வரும்வரை யார் காத்திருக்கிறார்கள்?

கீழே உள்ள படங்களுக்கு, பார்ப்பவர் அங்கே வரும்போது மட்டும் படத்தை இறக்கும் ‘லேசி லோடிங்’ நல்லது. அதையே முதல் படத்துக்கும் போட்டுவிடுகிறார்கள். அப்போது முதலில் தெரிய வேண்டியதே தாமதமாக வருகிறது. ஒவ்வொரு படத்துக்கும் அகல, உயரத்தைக் குறிப்பிடுவதும் அவசியம். இல்லையென்றால் ‘முன்பதிவு’ பொத்தானைத் தொடப்போகும் நேரத்தில் பக்கம் சரிந்து, விரல் வேறு எதிலோ படும்.

தமிழுக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. இணையத்தில் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘மதுரை’க்கு (ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள்) 15 பைட், ஆங்கிலத்தில் எழுதினால் 7தான். ஆகவே தளம் இருக்கும் கணினியான சர்வரில், எழுத்தைச் சுருக்கி அனுப்பும் ஜீஜிப் (gzip) அல்லது பிராட்லி (Brotli) முறை இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் எழுத்தின் எடை பல மடங்கு குறையும். அதற்காக அறிவிப்பைப் போஸ்டர் படமாகப் போடாதீர்கள். பத்து வரித் தமிழ் எழுத்தாக இருந்தால் இரண்டு மூன்று கேபி. படமானால் பல நூறு கேபி, தேடலிலும் சிக்காது. எழுத்துருவிலும் சிக்கனம் வேண்டும்: ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது. தனி எழுத்துருதான் வேண்டுமென்றால் டபிள்யூஓஎஃப்எஃப்2 (WOFF2) என்ற சுருக்கப்பட்ட எழுத்துரு வடிவில் ஒன்றோடு நிறுத்துங்கள்.

வாட்ஸ்அப் பொத்தானுக்கு ப்ளகின் என்ற கூடுதல் நிரல் எதற்கு? சாதாரண இணைப்பு போதும். யூடியூப் வீடியோவையும் வரைபடத்தையும் படமாக வைத்து, தொட்டால் திறக்கும்படி செய்யலாம்.

சர்வர் எங்கே இருக்கிறது என்றும் விசாரியுங்கள். அமெரிக்காவுக்குத் தகவல் ஒருமுறை போய்வரக் கிட்டத்தட்ட கால் விநாடி. இணைப்பு, பாதுகாப்பு உறுதி, கோரிக்கை என மூன்று தடவையாவது போய்வந்த பிறகுதான் முதல் எழுத்தே வந்துசேரும். சென்னையிலோ மும்பையிலோ உள்ள சர்வர், அல்லது பக்கத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்து அருகிலிருந்து தரும் சிடிஎன் (CDN) சேவை, இதை வெகுவாகக் குறைக்கும். ஆனால் 20 எம்பி பக்கத்தை வைத்துக்கொண்டு விலை கூடிய சர்வருக்கு மாறுவது வீண் செலவு.

சோதனைக்குக் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் தளத்தில் உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுத்து, ‘மொபைல்’ பகுதியைப் பாருங்கள். பலர் ‘டெஸ்க்டாப்’ மதிப்பெண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்துவிடுகிறார்கள். 100க்கு 100 வாங்க அலைய வேண்டாம். முதன்மைப் படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரிந்தால் கூகுள் கணக்கில் அது நல்ல வேகம். கடை வைஃபையில், ஏற்கெனவே திறந்த பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்ப்பது சோதனையாகாது.

கடைசியாக, கேச்: ஒருமுறை இறக்கியதைப் பிரவுசர் போனிலேயே சேமித்துவைப்பது. படங்களை ஓராண்டுக்குச் சேமித்துக்கொள்ளும்படி பிரவுசருக்குச் சொல்லிவிட்டால் மறுமுறை வருபவருக்குப் பக்கம் சட்டென்று திறக்கும். ஆனால் கட்டணப் பட்டியலைப் படமாகப் போட்டிருந்து, அதே கோப்புப் பெயரில் புதியதை ஏற்றினால், பழைய வாடிக்கையாளருக்குப் போன வருடக் கட்டணமே தெரியும். படத்தை மாற்றும்போது கோப்பின் பெயரையும் மாற்றுங்கள்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்பாளர் ஒருவர்,
சிம்மக்கல், மதுரை.