பொங்கலுக்கு வரவேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. போனில் சொன்னால் நடுவில் நீ அழுவாய், நானும் சொல்லவந்ததை விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அண்ணன் மகனுக்குக் கொழிஞ்சாம்பாறையில் மூன்று நிமோனியா ஊசி போட்டார்கள். சித்தப்பா பேரனுக்குக் கோயம்புத்தூரில் தனியார் டாக்டர் நான்கு போட்டார். அங்கே இங்கிலாந்தில், லீட்ஸில், உன் பிள்ளைக்கு மட்டும் 16-ஆவது வாரத்தில் ஒன்று போட்டுவிட்டு, அடுத்ததற்கு ஒரு வயதில் வா என்கிறார்களே, காசு மிச்சம் பிடிக்கிறார்களா என்று கேட்டாய். காசும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் இல்லை.

இந்த ஊசி தடுக்கும் நியூமோகாக்கஸ் என்ற நிமோனியாக் கிருமி குடியிருப்பது நடை பழகும் பிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும். அந்தப் பிள்ளையை ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, ஒரு தும்மலில் கைக்குழந்தைக்குப் போகும், வயதானவர்களுக்குப் போகும். ஊசியில் இருக்கும் வகைக் கிருமிகளை மூக்கிலேயே தங்கவிடாமல் செய்வதுதான் இந்தத் தடுப்பூசியின் பெரிய குணம். இங்கிலாந்தில் 2006 செப்டம்பரிலிருந்து போடுகிறார்கள். அப்போது 2, 4, 13 மாதங்களில் என்று மூன்று தவணை. வருடக்கணக்கில் விடாமல் போட்டதில், மூன்றாம் வகை போன்ற சிலவற்றைத் தவிர, அந்தக் கிருமிகள் பிள்ளைகளிடம் பெருமளவு அற்றுப்போயின. அதன் பிறகே 2020 ஜனவரியில் ஒரு தவணையைக் குறைத்தார்கள். அதற்கு முன் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு முதலில் ஒரே ஊசியும் இன்னொன்றுக்கு இரண்டும் போட்டுப் பார்த்தும்விட்டார்கள். 2018-இல் அந்த முடிவு வெளியானது: ஒரு வயதில் பூஸ்டர், அதாவது சக்தியைக் கூட்டும் கடைசி ஊசி, போட்ட பிறகு, பெரும்பாலான வகைகளுக்கு இரண்டு பிரிவிலும் எதிர்ப்புச் சக்தி ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஆகவே உன் பிள்ளைக்கு யாரும் குறை வைக்கவில்லை. நிம்மதியாக இரு.

ஆனால் அம்மிணி, அந்தச் சமம் பூஸ்டருக்குப் பிறகுதான் வருகிறது. அதுவரைக்கும் ஒரே ஊசி போட்ட குழந்தைக்கு, இரண்டு போட்ட குழந்தையின் அளவுக்குச் சக்தி இருக்காது. நடுவில் இருக்கும் எட்டு மாதமும் அவளைக் காப்பது அக்கம்பக்கத்துப் பெரிய பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசி. லீட்ஸில் அது இருக்கிறது. இங்கே? நம் நாட்டில் 2017-இல் இமாச்சலத்திலும் உத்தரப் பிரதேசம், பீகாரின் சில மாவட்டங்களிலும் தொடங்கியது. நாடு முழுக்க வந்தது 2021-இல்தான். இங்கே பிறந்து சில மாதத்திலேயே நிமோனியா வந்துவிடுகிறது என்பதால்தான் ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் போட்டு, ஒன்பதாம் மாதத்தில் பூஸ்டர் கொடுக்கிறோம். உங்கள் கணக்கு அந்த ஊருக்குச் சரி, எங்கள் கணக்கு இந்த ஊருக்குச் சரி. அந்தக் கணக்கில் பாதியை வைத்துக்கொண்டு குழந்தையை இந்த ஊருக்குக் கொண்டுவருவதுதான் எனக்குப் பயம்.

நீ நான்காம் வகுப்பு படித்த வருடம், நர்ஸ் வேலையாக வேலந்தாவளம் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போயிருந்தேன். எட்டு மாதக் குழந்தை. சளிதான் சிஸ்டர், கஷாயம் கொடுத்திருக்கிறோம் என்றாள் தாய். சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். அந்த வயதில் ஐம்பதைத் தொட்டாலே ஆபத்து. நான் எழுபத்திரண்டு எண்ணினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தது. ஜீப் பிடித்துப் பாலக்காட்டுக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் அந்தத் தாய் வெறும் கையோடு திரும்பி வந்தாள். எந்தக் கிருமி என்று யாரும் பார்க்கவில்லை. 2021-இல் சப் சென்டரில் முதல் குழந்தையின் வலது தொடையில் அந்த அரை மில்லியைப் போட்டபோது எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற ஆஷா பணியாளர் கேட்டாள், ஏன் சிஸ்டர் கண் கலங்குகிறது என்று.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பொங்கலுக்கு வரவேண்டாம். பொங்கலுக்கு வந்து, பிறந்தநாளையும் இங்கேயே கொண்டாடி, ஏப்ரலில் திரும்பிப் போய் ஊசி போடலாம் என்றாய். அதில் அவளுக்குப் பூஸ்டர் இரண்டு மாதம் தள்ளிப்போகும், அந்த இரண்டு மாதமும் இந்த ஊரில். தட்டம்மை ஊசியும் அங்கே ஒரு வயதில்தான். மாப்பிள்ளை லீவு சொல்லிவிட்டார் என்று தெரியும். அவரிடம் நானே பேசுகிறேன். பிப்ரவரி கடைசியில் ஒரு வயது ஊசிகளைப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துக் கிளம்பு. சித்திரை ஒன்றுக்கும் விஷுவுக்கும் இங்கே இருப்பாய். மொட்டையும் காதுகுத்தும் அப்போது வைத்துக்கொள்ளலாம், குலதெய்வம் காத்திருக்கும்.

இதை எழுத எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அவளை நான் இன்னும் கையில் வாங்கவில்லை. தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி மாட்டியாகிவிட்டது. அவளுடைய அப்புச்சி, உன் அப்பா, சாயங்காலம் ஆனால் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை, இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து சொல்வேன்.

குழந்தையின் ஊசிக் கணக்கு எழுதும் அந்தச் சிவப்புப் புத்தகத்தில் முதல் ஊசி எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. அடுத்த தேதியை நர்ஸிடம் இப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள். தேதி கிடைத்த பிறகு டிக்கெட் எடு.

அன்புடன்,
அம்மா