லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் ஒரே மடல்

பிரிவினையில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுப்போன சொத்துகளையும் கோயில்களையும் பாகிஸ்தானில் கவனிக்கிற, லாகூரில் உள்ள வெளியேறியோர் சொத்து அறக்கட்டளை வாரியத்தாருக்கும், இந்தியப் பஞ்சாபின் குருத்வாராக்களை நிர்வகிக்கிற, அமிர்தசரசில் உள்ள சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியாருக்கும், வணக்கம்.

உங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே ஐம்பது கிலோமீட்டர்தான். தனித்தனியாக எழுதுவானேன் என்று ஒன்றாகவே எழுதுகிறேன்.

1947க்குப் பிறகு சீக்கியர்களின் அன்றாடப் பிரார்த்தனையான அர்தாஸில் ஒரு வேண்டுதல் சேர்ந்தது: குரு நானக் பிறந்த நன்கானா சாகிப் முதலாக, பாகிஸ்தான் பக்கம் பிரிந்துபோன குருத்வாராக்களைத் தடையில்லாமல் தரிசிக்க வேண்டும் என்று. குரு நானக் கடைசிக் காலத்தில் உழுது விதைத்து வாழ்ந்து, 1539இல் மறைந்த கர்தார்பூர், பாகிஸ்தானுக்குள் எல்லையிலிருந்து நாலு கிலோமீட்டர் சொச்சம். இந்தியப் பக்கம் தேரா பாபா நானக் ஊரில் மேடையேறி, பைனாகுலரில் வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்துக் கும்பிட்டுத் திரும்பிய காலம் உண்டு. கர்தார்பூரில் குருவுக்குச் சமாதியும் இருக்கிறது, கல்லறையும் இருக்கிறது. இந்துக்களும் முஸ்லிம்களும் அவர் உடலை மூடியிருந்த போர்வையை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள் என்பது கதை. இந்தியாவிலிருந்து அங்கே போக 2019 நவம்பரில் திறந்த பாதையை 2025 மே மாதம் இந்தியா மூடியது. அது உங்கள் கையில் இல்லை, சரி. கட்டடங்கள் உங்கள் கையில்தானே இருக்கின்றன?

வாரியத்தாரே, சியால்கோட்டின் பாபே தி பேர் குருத்வாராவை 2019இல் இந்திய யாத்ரீகர்களுக்கும் திறந்துவிட்டீர்கள், நல்ல காரியம். ஆனால் லாகூர் அருகே ஜாமன் கிராமத்து ரோரி சாகிப், கவனிக்க ஆளில்லாமல் மழையில் சரிந்தது.

கமிட்டியாரே, உங்கள் பக்கத்துச் சிக்கல் வேறு. ஆள் இல்லாமல் அல்ல, பக்தி கூடிப்போய் இடிகிறது. தர்ன் தாரன் குருத்வாராவின் தர்ஷனி தியோடி, பத்தொன்பதாம் நூற்றாண்டு நுழைவாயில். நானக்‌ஷாஹி செங்கல் என்று அந்தச் சின்ன, மெல்லிய கல்லைச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கிக் கட்டியது. 2019 மார்ச்சில் கார் சேவை, அதாவது பக்தர்களின் கைத்தொண்டு, என்ற பெயரில் ராத்திரியோடு ராத்திரியாக அதன் தலையில் கடப்பாரை போட்டார்கள். பக்தர்கள் திரண்டு தடுத்த பிறகே நின்றது. எத்தனை சுவரோவியங்கள் இப்படிப் பளிங்குக்கும் வெள்ளையடிப்புக்கும் அடியில் போயினவோ! பளிங்கு பளபளக்கும்தான், ஆனால் சீக்கிய மகாராஜாக்கள் காலத்துக் கொத்தனாரின் கை அதில் இல்லை.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தச் சுவரைத் தொடும் முன்பும் அளந்து, வரைந்து, படமெடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை முதலில் கூப்பிடுங்கள், பளிங்கு வியாபாரி அப்புறம் வரட்டும். எடுத்த பதிவில் ஒரு நகலை எதிர்ப்பக்கத்துக்கு அனுப்புங்கள். தர்ன் தாரன் தியோடியின் படம் முதலில் லாகூர் போகட்டும். அங்கிருந்து ஜாமனில் மிஞ்சியிருக்கும் சுவரின் படம் வரட்டும்.

இப்படிக்கு,
தூரத்து வாசகன் ஒருவன்