நாற்பதுக்கு மேல் வருவதெல்லாம் பரு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் இதழின் முகப்பருக் கட்டுரையில், நடுத்தர வயதில் மூக்கிலும் கன்னத்திலும் தோன்றும் சிவப்பும் கொப்புளங்களும் ‘தாமதமாக வந்த பரு’ என்று ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் நானும் அப்படியே நம்பியிருந்தேன். எனக்கு இருந்தது ரோசேசியா என்னும், முகத்தில் நீடிக்கும் தோல் அழற்சி நோய்.

பருவில் காணும் கரும்புள்ளிகள் ரோசேசியாவில் இருப்பதில்லை. நம் மாநிறத் தோலில் சிவப்பும் எடுப்பாகத் தெரியாது. வெயிலில் நின்றாலோ காரமாகச் சாப்பிட்டாலோ முகம் காந்துவதுதான் முதல் அடையாளம். மருந்துக் கடையில் சீட்டு கேட்காமல் கொடுத்த களிம்பு ஒரே வாரத்தில் முகத்தைத் தெளியவைத்தது. அதிலிருந்த ஸ்டீராய்டு, நிறுத்திய போதெல்லாம் முன்னிலும் மோசமாகத் திருப்பிக் கொடுத்தது. இத்தகைய 14 மேற்பூச்சு ஸ்டீராய்டுகளை 2018இல் மத்திய அரசு, மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலான எச் அட்டவணையில் சேர்த்த பிறகும் இதுதான் நிலைமை.

சோதித்தறியப்பட்ட மருந்துகள் இல்லாமல் இல்லை. கொப்புளங்களுக்கு மெட்ரோனிடசோல், அசெலாயிக் அமிலம், ஐவர்மெக்டின் ஆகிய மேற்பூச்சுகள் உண்டு. கொரோனா காலத்தில் வீணாகப் பேர் அடிபட்ட அதே ஐவர்மெக்டின்தான். 16 வார ஒப்பீட்டு ஆய்வில், தினம் ஒருமுறை பூசிய அதன் 1 சதவீதக் களிம்பு கொப்புளங்களை ஏறத்தாழ 83 சதவீதமும், இருமுறை பூசிய மெட்ரோனிடசோல் 74 சதவீதமும் குறைத்தன. பூச்சு போதாதவர்களுக்கு, கிருமிகளைக் கொல்லும் அளவுக்குக் கீழான, மெல்ல வெளிப்படும் 40 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை தரப்படுகிறது. 100 மில்லிகிராம் கொடுத்தாலும் பலன் கூடுவதில்லை, வயிற்றுத் தொல்லைதான் கூடுகிறது. கர்ப்பிணிகளுக்கு இம்மாத்திரை ஆகாது.

நிலைத்த சிவப்புக்கு இவை பெரிதாக உதவுவதில்லை என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிரிமோனிடின் ஜெல் இரத்த நாளங்களைச் சுருக்கிச் சில மணி நேரம் மட்டுமே சிவப்பை மறைக்கிறது. சிலருக்கு அது பின்னர் இரட்டிப்பாகத் திரும்புவதும் உண்டு. வெளியே தெரியும் நரம்பு போன்ற நாளங்களுக்கு லேசர் பயன்படும் என்றாலும், கருநிறத் தோலில் அது கருந்திட்டு விடக்கூடும் என்பதால் நம் நிறத் தோலில் கைதேர்ந்தவரிடமே செய்துகொள்ள வேண்டும். கண்ணில் உறுத்தலோ எரிச்சலோ சேர்ந்தால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

அக்கட்டுரை பரிந்துரைத்த எலுமிச்சைச் சாறு, இத்தகைய தோலில் தீயாய் எரியும். அடுத்த இதழில் அந்தக் குறிப்பையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சிராப்பள்ளி