ஹம் நீக்கியின் புதிய பதிப்பு பத்து நொடி கேட்பது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஒலிப்பதிவுக்குள் கரண்டால் புகும் 'ம்ம்ம்' என்ற இரைச்சலை, அதாவது ஹம்மை, எடுக்கும் எங்கள் மென்பொருள்தான் ஹம் நீக்கி. அதன் புதிய பதிப்பு வந்ததிலிருந்து கடைப் போனுக்கு ஒரே கேள்விதான் வருகிறது. "முன்னாடி ஒரு பட்டன் அமுக்குனா போதும், இப்ப எதுக்குங்க பத்து நொடி வெறும் சத்தம் கேக்குது?" பாலக்கோட்டில் கல்யாண வீடியோ எடுப்பவர் கேட்கிறார், அரூரில் கூத்து பதிவு செய்பவர் கேட்கிறார், ஓசூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் கொஞ்சம் கோபமாகவே கேட்கிறார். போனில் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி என் தங்கச்சிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். போன் பேசும்போது பின்னால் கத்துவது யார் என்றும் பலர் கேட்கிறீர்கள். அதற்கும் பதில் கீழே இருக்கிறது.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. மைக் ஒயர் பவர் ஒயரை ஒட்டிப் போனாலோ, மிக்ஸருக்கு ஓர் இடத்திலும் ஆம்ப்புக்கு வேறோர் இடத்திலும் எர்த் கிடைத்தாலோ, அந்த 50 ஹெர்ட்ஸ் பதிவுக்குள் புகுந்துவிடும். தனியாக வருவதும் இல்லை. 100, 150, 200 என்று தன் மடங்குகளையும் கூட்டிக்கொண்டு வரும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே செய்த மென்பொருள் சிலவற்றில் 60 என்றே முதலில் நிற்கும். அதை அப்படியே ஓட்டிவிட்டு "ஒண்ணுமே போகலையே" என்று எங்களிடம் வந்தவர்கள் உண்டு. எங்கள் வியாபாரத்தில் பாதி அப்படித் தொடங்கியதுதான்.

சரி, 50 என்று தெரிந்துவிட்டால் அதை வெட்டிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கரண்ட் எப்போதும் சரியாக 50-இல் நிற்பதில்லை. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-இல் நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்தது. இன்று தர்மபுரியில் ஓடும் மிக்ஸிக்கும் டெல்லியில் ஓடும் மிக்ஸிக்கும் ஒரே அலைவுள்ள கரண்டுதான் போகிறது. அந்த அலைவு 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இருபதாவது மடங்கைப் பாருங்கள். 1000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது 998-இல் நிற்கும். 1000-இல் நாம் வைத்த மெல்லிய வெட்டு அதைத் தொடவே தொடாது.

இது தொகுப்புக் கரண்டின் கதை. கூத்துக்காரர்கள் கதை இன்னும் மோசம். திரௌபதி அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும் ஊர்களில் ராத்திரி முழுக்க ஓடுவது டீசல் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் லோடு இல்லாமல் சும்மா ஓடும்போது அதன் வேகம் கூடும், லோடு ஏறினால் குறையும். பொதுவாக வெறுமனே ஓடும்போது 52 ஹெர்ட்ஸ் வரும்படி வைத்திருப்பார்கள், முழு லோடு ஏறினால் 50-க்கு இறங்கட்டும் என்று. கட்டியங்காரன் வந்து போகும்வரை ஒரு ஹம், கர்ணன் வரும்போது இரண்டு ஃபோகஸ் லைட்டைச் சேர்த்துப் போட்டால் வேறு ஹம். பழைய பதிப்பு தொகுப்புக் கரண்டுக்கென்று செய்தது. புதிய பதிப்பு ஹம் போகும் இடத்துக்கெல்லாம் பின்னாலேயே போகும். போவதற்கு முன்னால் அதன் முகம் தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான் அந்தப் பத்து நொடி.

வெட்டை அகலமாக வைத்துவிட்டால் பின்தொடரவே வேண்டாமே என்று ஓசூர்க்காரர் கேட்டார். நல்ல கேள்வி. சாதாரணப் பேச்சில் ஆண் குரலின் அடிச்சுருதி சுமார் 85-இலிருந்து 155 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். ஹம்மின் 100-உம் 150-உம் நேராக அதற்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. அகலமாக வெட்டினால் தாலி கட்டும்போது ஐயர் சொல்லும் மந்திரம் டெலிபோனில் கேட்பதுபோல் ஆகிவிடும். பாட்டு என்றால் இன்னும் நெருக்கடி. ஒரு பாடகி ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆதார சட்ஜம், அதாவது 'ஸ', 196 ஹெர்ட்ஸ். ஹம்மின் நாலாவது மடங்கு 200. இடைவெளி நாலே ஹெர்ட்ஸ். பின்னால் ஒலிக்கும் தம்பூராவின் கீழ் ஸ்தாயி சட்ஜம் 98, ஹம் 100. இடைவெளி இரண்டே ஹெர்ட்ஸ். இங்கே கையை அகல வீசினால் ஹம்மோடு சேர்த்து சட்ஜத்தையும் கொண்டுபோய்விடுவோம். சுருதிப்பெட்டிச் சத்தம் மெலிந்துபோன ஒரு பக்திப் பாட்டுப் பதிவை ஒருவர் எங்களிடம் கொண்டுவந்தார். வேறு ஒரு மென்பொருளில் 'சுத்தம்' செய்தது. அதை மீட்க எங்களாலும் முடியவில்லை. வெட்டி எறிந்தது எறிந்ததுதான்.

ஆகவே வெட்டு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய வெட்டுக்கும் ஒரு விலை உண்டு. வெட்டும் வடிகட்டியை எவ்வளவு குறுக்குகிறோமோ அவ்வளவு நேரம் அது உள்ளுக்குள் அதிர்ந்துகொண்டிருக்கும். ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கொண்டுபோனால் அடங்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். பம்பையில் ஒரு அடி விழுந்ததும் அதன் வால் இழுபட்டுக் கேட்பது அதனால்தான். எவ்வளவு குறுக்குவது என்பதை நீங்கள் கொடுக்கும் பதிவைப் பார்த்து மென்பொருளே முடிவு செய்கிறது. பிடிக்கவில்லையென்றால் கையால் மாற்றிக்கொள்ளலாம், குமிழ் அங்கேயே இருக்கிறது.

பத்து நொடி என்ற கணக்கை நாங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஒரு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் இரண்டு ஒலிகளைப் பிரித்துப் பார்க்கக் குறைந்தது ஒரு நொடி கேட்க வேண்டும். பத்தில் ஒரு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதைப் பிரிக்கப் பத்து நொடி. கணினி எவ்வளவு வேகமானது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புதிது வாங்கினாலும் அதே பத்து நொடிதான்.

இனிப் பூனைகள். தர்மபுரியில் பென்னாகரம் ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில்தான் எங்கள் கடை, ஆபீஸ், சோதனைக்கூடம் எல்லாம். மென்பொருள் எழுதுவது நான். கணக்கும் போனும் தங்கச்சி. மற்ற நாலு பேர் ராகி, புளி, நெல்லி, கரி. சம்பளம் மீனாக வாங்குகிறார்கள். காலையில் மீன்காரர் வண்டி தெருமுனையில் ஹார்ன் அடித்ததும் நாலும் ஒன்றாகக் கத்தும். அந்த நேரத்தில் கூப்பிட்டவர்களுக்குத்தான் நாங்கள் ஏதோ பண்ணை நடத்துகிறோம் என்ற சந்தேகம் வந்திருக்கிறது. இனி காலையில் போன் எடுக்க மாட்டோம். அது நான் கோடு எழுதும் நேரமும்கூட. பதினோரு மணிக்கு மேல் மாலை ஆறு வரை கூப்பிடுங்கள். அப்போது நாலும் தூங்கிக்கொண்டிருக்கும். ராகி மட்டும் மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி மேல் படுக்கும், அது சூடாக இருப்பதால். வால் ஒலியளவுக் குமிழின் மேல் விழும். திடீரென்று என் குரல் குறைந்தால் அவள் புரண்டு படுத்திருக்கிறாள் என்று அர்த்தம்.

வேலைக்குப் பூனையால் தொந்தரவு இல்லையா என்று கேட்பவர்களுக்கு நெல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொங்கும் ஒயர் எதைக் கண்டாலும் இழுப்பாள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது யுஎஸ்பி ஒயர் கழன்றால் என்ன ஆகும் என்ற சோதனையை நானாக உட்கார்ந்து செய்திருந்தால் சில தடவை செய்து பார்த்துவிட்டு விட்டிருப்பேன். அவள் விடுவதாக இல்லை. அதன் பலன் உங்களுக்குத்தான். இப்போது நடுவில் ஒயர் பிடுங்கிக்கொண்டாலும் அதுவரை பதிந்தது பத்திரமாகக் கோப்பில் இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் யார் காலாவது ஒயரில் தடுக்காத ஊர் எது?

புதிய பதிப்பில் கரிக்கும் பங்கு உண்டு. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியில், மைக்கை மட்டும் போட்டு ஒரு சோதனை ஓட்டிக்கொண்டிருந்தேன். கரண்ட் தொடர்பே இல்லாத பதிவில் ஹம் பளிச்சென்று தெரியும் அளவுக்கு வருவது அரிது. திரையில் 50-இலும் 100-இலும் பளிச்சென்று கோடுகள். ஒயரை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், போகவில்லை. கடைசியில் பார்த்தால் மைக் ஸ்டாண்டு அடியில் கரி சுருண்டு படுத்து குறுகுறுத்துக்கொண்டிருக்கிறான். பூனையின் குறுகுறுப்பு நொடிக்குச் சுமார் 25 துடிப்பில் தொடங்குகிறது. அதன் இரட்டை மடங்கு 50, நாலு மடங்கு 100. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நிற்காமல் வருவதால் ஹம்மைப் போலவே தொடர்ச்சியாக வேறு இருக்கும். ஆனால் உற்றுப் பார்த்தால் மூச்சு உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் அது லேசாக ஏறி இறங்கும். ஜெனரேட்டர் அப்படி மூச்சு விடுவதில்லை. உயிருள்ள எதன் சத்தமும் கொஞ்சம் அசையும், தம்பூரா நாதமும் அப்படித்தான். அந்த அசைவைக் கவனித்து, அசைவதை விட்டுவிட்டு அசையாததை மட்டும் பிடிப்பதுதான் இந்தப் பதிப்பின் புது வேலை. ஜெனரேட்டரின் ஏற்ற இறக்கம் லோடு மாறும்போது படியாக வரும், மூச்சு மாதிரி அலையாக வராது. இரண்டையும் பிரிக்க அது போதுமாக இருக்கிறது.

பூனைகளுக்கு நம்மைவிட வெகு மேலே கேட்கும். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிந்துவிடுகிறது, அவற்றுக்கு 60,000-ஐத் தாண்டியும் கேட்கும். ஆகவே உயர் அலைவுச் சோதனைகளை நாங்கள் ஸ்பீக்கரில் போடுவதில்லை, திரையில் எண்ணாகப் பார்த்தே முடித்துக்கொள்கிறோம். கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, பரவாயில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. ஆட்டமோ முகூர்த்தமோ தொடங்கும் முன், ஆம்ப், லைட், ஜெனரேட்டர் எல்லாம் ஓடும்போது, யாரும் மைக்கில் பேசாத பத்து நொடியைப் பதிந்துவிடுங்கள். லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அமைதியாகப் பதிந்து அனுப்புகிறார்கள் சிலர். அது வேண்டாம். லைட்டின் டிம்மர் போடும் சத்தமும் அதில் இருக்க வேண்டும். பழைய பதிவுகளில் அப்படி ஒரு இடம் இல்லையென்றால் இரண்டு வசனத்துக்கு நடுவில் உள்ள சின்னச் சின்ன இடைவெளிகளைச் சேர்த்துக் கொடுத்தாலும் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

திரையின் கீழ்ப்பக்கம் இப்போது இரண்டு கோடுகள் தெரியும். 50 ஓங்கி நின்றால் பெரும்பாலும் எர்த் சிக்கல் அல்லது ஒயர் போகும் வழி. 100 ஓங்கி நின்றால் ஆம்ப்பின் பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் டயோடு வழியாக வரும்போது 50 இரட்டிப்பாகிறது. அப்படியானால் எங்களுக்குக் காசு கொடுப்பதைவிட ரிப்பேர்காரருக்குக் கொடுப்பது மேல்.

ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஹம் வருகிறதென்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைப்பவர்களை, எர்த் ஒயரை வெட்டிவிடுபவர்களைப் பார்க்கிறோம். ஹம் நின்றுவிடும், உண்மைதான். அப்புறம் ஆம்ப்புக்குள் ஒரு ஒயர் கழன்று அதன் இரும்புப் பெட்டியில் பட்டால் கரண்ட் போக வேறு வழியில்லாமல் இரும்பு மைக்கைப் பிடித்துப் பாடுபவர் வழியாகப் போகும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஆடும் கூத்துக் கலைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே இடத்திலிருந்து எடுத்த ஒரே போர்டில் சொருகுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் மிக்ஸருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஆடியோ ஒயரில், சத்தத்தை மட்டும் விட்டு ஒயர் தொடர்பைப் பிரிக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். ஐந்து கட்டைப் பாட்டு கெட்டால் திரும்பப் பாடிக்கொள்ளலாம்.

பழைய வாடிக்கையாளர்களுக்கு இந்தப் பதிப்பு இலவசம். பத்து நொடி கொடுத்தும் சரியாக வராத பதிவுகளை எங்களுக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம். ஸ்பீக்கர் முன்னால் போனைப் பிடித்து வாய்ஸ் மெசேஜாக அனுப்ப வேண்டாம், மூலக் கோப்பை அப்படியே கொடுங்கள். ஹம் போய்விட்டதா என்று போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது. ஹெட்போனில் கேளுங்கள்.

பாரதக் கூத்து வைத்திருப்பவர்கள், பாரதத்தின் முடிவில் வரும் படுகளத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே பதிவை அனுப்பினால் நல்லது. கடைசி நாளில் எல்லோரும் சேர்ந்து அனுப்பினால் வரிசைப்படிதான் பார்ப்போம்.

அன்புடன்,
ஹம் நீக்கி கடையிலிருந்து,
தர்மபுரி