பூநகரி வீதியில் எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

கடந்த சனிக்கிழமை கோண்டாவிலிலிருந்து நீல நிறக் காரில் மன்னார் திருக்கேதீச்சரம் சிவன் கோயிலுக்குப் போகப் புறப்பட்ட குடும்பம் நாங்கள். 78 வயது அம்மா, நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். உங்கள் ஒருவரின் பெயரையும் கேட்காமல் வந்துவிட்டேன். வீட்டுப் படியேறும்போதுதான் அது உறைத்தது. அதனால் பொதுவில் எழுதுகிறேன்.

மதியப் பூசைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்திருந்தோம். சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டியதும் வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறியது. முன்பக்கமெல்லாம் ஆவி. இரண்டு பக்கமும் கடல்நீர், குடிக்கவும் ஆகாது, ரேடியேற்றருக்குள் ஊற்றவும் ஆகாது. ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை.

கரையோரக் குடிசையான மீன் வாடியிலிருந்து ஓடிவந்த அண்ணைக்கு முதல் நன்றி. பதற்றத்தில் மூடியைத் திறக்கப் போன என் கையைப் பிடித்து, "திறக்காதையுங்கோ தம்பி, கொதிதண்ணி முகத்திலை அடிக்கும்" என்று சொன்னீர்கள். அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் நான் இப்போது ஆசுபத்திரியில் இருந்திருப்பேன். பிறகு நீங்கள் குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரைக் கானோடு தூக்கிவந்து தந்தீர்கள். தண்ணீர் அங்கே எவ்வளவு அருமை என்பது எனக்குத் தெரியும். அம்மாவை வாடி நிழலில் இருத்தி, 2011இல் பாலம் திறக்க முன்னர் ஆட்களும் வாகனங்களும் 'பாதை' என்ற மிதவையில் நீரைக் கடந்த காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். அந்தப் பேச்சில்தான் அம்மாவின் பயம் தெளிந்தது.

மன்னார் போகும் இ.போ.ச. பஸ் சாரதிக்கும் நடத்துநர் தம்பிக்கும்: நாங்கள் கை காட்டவில்லை, நீங்களாகவே நிறுத்தினீர்கள். அம்மாவையும் மனைவி பிள்ளைகளையும் ஏற்றி, பூநகரியில் ஒரு தேநீர்க் கடையில் இறக்கி, கராஜிலும் சொல்லிவிட்டுப் போனீர்கள். ரிக்கற் காசும் வாங்கவில்லையாம்.

அந்தக் கடை அக்காவைப் பற்றி மனைவி சொன்னதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா அன்று விரதம். கடையில் இருந்ததோ மீன் குழம்பும் பொரியலும். தேத்தண்ணி மட்டும் போதும் என்று அம்மா சொல்லியும் நீங்கள் விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் புதுப்பானை எடுத்துவந்து, தனி அடுப்பு மூட்டி, சோறும் பருப்பும் முருங்கைக்காயும் சமைத்துக் கொடுத்தீர்கள். "மச்சம் படாத பானை அம்மா, பயப்படாமல் சாப்பிடுங்கோ" என்றீர்களாம். அம்மா இதை ஊரில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கராஜ் தம்பி, நீங்கள் அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டீர்கள். ரேடியேற்றரின் மேல் குழாய் கிளிப் அடியில் வெடித்திருந்தது. வெடித்த நுனியை வெட்டிவிட்டுத் திரும்பப் பூட்டினீர்கள், கசிந்தது. இன்னொருவர் என்றால் அதோடு விட்டிருப்பார். நீங்கள் அந்த வெயிலில் 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடிப் பரந்தனில் புதுக் குழாய் வாங்கிவந்தீர்கள். பூட்டிய பிறகும் இஞ்சினை ஓடவிட்டு, உள்ளே அடைபட்ட காற்று முழுதும் வெளியேறும்வரை தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றீர்கள். ஒருமுறை இப்படிச் சூடேறிய இஞ்சின், உள்ளே கசியாமல் அடைக்கும் ஹெட் கஸ்கெற் தகடு பழுதாகியிருக்கவும் கூடும், மன்னாருக்குப் போகவேண்டாம், முள்ளைப் பார்த்துப் பார்த்து மெதுவாக வீட்டுக்குத் திரும்புங்கள் என்றீர்கள். எங்கள் ஆசைக்காகத் தலையாட்டாமல் உண்மையைச் சொன்னதற்குத்தான் பெரிய நன்றி. குழாய்க் காசும் பெற்றோல் காசும் தவிர ஒரு சதம் கூட வாங்கவில்லை.

கேதீச்சர நாதருக்கென்று கொண்டுபோன வில்வத்தையும் பூக்களையும் அம்மா அக்காவின் கடையில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்குச் சாத்திவிட்டு வந்தார். வீடு வந்து சேர இரவு ஏழரை.

அண்ணை, உங்கள் தண்ணீர்க் கான் என் கார் டிக்கியிலேயே வந்துவிட்டது. கார் இப்போது முழுதாகத் திருத்தியாயிற்று. வருகிற சனிக்கிழமை அம்மாவோடு திரும்பவும் வருகிறோம், காலை எட்டு மணியளவில் வாடிப் பக்கம் நில்லுங்கோ.